அவள் பார்க்காத தூரம்

“எத்தனை மடங்கு ஜூம் இருந்தா போதும் டீச்சர்?”

அருமைநாயகம் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து மூன்றாவது ஞாயிறாகக் கேட்கிறார்.

டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. பெயர் இசக்கியம்மாள். பாளையங்கோட்டையில் ஒரு நாளிதழுக்கு விளையாட்டுப் படங்கள் எடுக்கிறாள். ஞாயிறு காலையில் தன் வீட்டு மொட்டை மாடியில் நாலைந்து பேருக்குப் படம் எடுக்கச் சொல்லித் தருகிறாள்.

மாணவருக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபத்தெட்டு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவர். எண் பெரிதாக இருந்தால் பொருளும் பெரிதாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி.

நோட்டைப் பிரித்தார். பதினோரு கேமராக்கள், கட்டம் போட்டு, சிவப்பு மையில்.

“இதுல அறுபது மடங்கு. இதுல நாப்பதுதான், ஆனா கண்ணு வச்சுப் பாக்க இடம் இருக்கு. இது நூத்தி இருபதுன்னு கடைக்காரன் சத்தியம் பண்ணுதான். விலையும் என் கைக்கு அடக்கம்.”

“அதுல லென்ஸ் இழுக்கிறது முப்பதுதான் அண்ணாச்சி. மிச்சமெல்லாம் படத்தை ஊதிப் பெருசாக்குறது. மூக்கு எது முழி எதுன்னு தெரியாது.”

அவர் அந்த வரியை அடித்தார்.

“நல்லவேளை, ஏமாந்திருப்பேன். அப்ப மிச்சம் பத்துல எது? சனிக்கிழமை ஓட்டம் டீச்சர். இன்னும் ஆறு நாள்தான் கிடக்கு.”

“எவ்வளவு தூரத்துல இருந்து எடுக்கணும்?”

“அவ என்னைப் பாக்காத தூரத்துல இருந்து.”

லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு?”

“எம் மக பெனிட்டா. பன்னெண்டாவது படிக்கா. எண்ணூறு மீட்டர் ஓடுவா. பள்ளிக்கூடத்துல இதுதான் அவளுக்குக் கடைசி ஓட்டம்.”

போன வருடம் நடந்ததை அவரே சொன்னார். கடைசி வளைவில் பெனிட்டா முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். இவரால் சும்மா இருக்க முடியவில்லை. வேலியோரமாகக் கூடவே ஓடி, “உள்ள வா, உள்ள வா!” என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் திரும்பிப் பார்த்தாள். ஓரக்கட்டையில் கால் இடறியது. முட்டியில் ஏழு தையல்.

“அவ என்ன சொன்னா?”

“‘ஏம்ப்பா கத்துனிய?’ன்னு கேட்டா. அவ்வளவுதான்.”

“இனிமே வராதியன்னு சொன்னாளா?”

“அவ சொல்லல. நாந்தான் சொன்னேன், இனி உன் ஓட்டத்துப் பக்கமே வரமாட்டேன்னு.”

“அதுக்கு அவ?”

“ஒண்ணும் சொல்லல.”

இசக்கியம்மாள் எழுந்தாள். உள்ளே போய்த் தன் பழைய கேமராவை எடுத்து வந்து அவர் கழுத்தில் மாட்டினாள். நாற்பது மடங்கு.

“அந்தா, தண்ணித் தொட்டி மேல காக்கா. எடுங்க.”

அவர் ஜூமை முட்டுகிற வரை தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தார். வானம். மறுபடி வானம். ஒரு ஆண்டெனாக் கம்பி. திரும்பவும் வானம்.

“காக்காயைக் காணோம் டீச்சர்.”

“காக்கா அங்கனதான் இருக்கு. நீங்கதான் காணாமப் போயிட்டிய.”

அவர் கேமராவை இறக்கினார்.

“முதல்ல ஜூம் இல்லாம அதைக் கண்டுபிடிங்க. பிறகு கொஞ்சங் கொஞ்சமா கிட்டப் போங்க.”

பத்தாவது தடவை காக்கா சிக்கியது. அலகில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை வரை தெரிந்தது. வேறு ஆளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இவருக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. காக்கா பத்துத் தடவை பொறுத்துக்கொண்டது, ஓடுகிற பிள்ளை பொறுக்குமா?

“அப்ப நாப்பதா, அறுபதா டீச்சர்?”

“இதையே கொண்டு போங்க. வாங்குறதைச் சனிக்கிழமைக்குப் பிறகு பாப்போம்.”

அந்த ஆறு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மைதானத்துக்கு முதல் ஆளாக வந்து, மேல்படியில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். வெயிலில் தொப்பியும் முகக்கவசமுமாக அவரைப் பார்த்த சுண்டல்காரர் இரண்டு படி தள்ளியே போனார்.

நீளம் தாண்டுதலைப் படம் பிடித்து முடித்த இசக்கியம்மாள் படியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே எண்ணூறு மீட்டருக்குப் பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

ஜூம் இல்லாமல் தேடினார். மஞ்சள் பனியன். கண்டுகொண்டார். கொஞ்சங் கொஞ்சமாகக் கிட்டப் போனார்.

“வந்துட்டா டீச்சர். கன்னத்துப் பரு கூடத் தெரியுது.”

“எடுங்க.”

“ஆடுது. இந்தக் கேமரால நடுக்கத்தைக் குறைக்க வழியே இல்லியா?”

“அது போட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி.”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் ஆடியது.

“எங்கயோ பாக்கா. ஓட்டத்துல கவனமே இல்ல.”

“எங்க பாக்கா?”

“வேலிப் பக்கம். நான் போன வருசம் நின்ன இடம்.” லென்ஸை மெல்ல நகர்த்தினார். “இப்ப முதல் வரிசையைப் பாக்கா. அடுத்த வரிசை. படிப்படியா பார்வை மேல வருது. ஒவ்வொரு மூஞ்சியா பாக்கா டீச்சர்.”

“யாரைத் தேடுதா?”

“தெரியலியே. அவ அம்மா ஊருக்குப் போயிருக்கா. கூடப் படிக்கிற பிள்ளைக எல்லாம் கீழதான் நிக்குதுக. வேற யாரு...”

அவர் கேமராவைக் கண்ணோடு அழுத்திக்கொண்டார்.

“உதடு துடிக்குது. அழப் போறா டீச்சர்.”

இசக்கியம்மாள் அவர் பக்கம் திரும்பினாள்.

“நான் எந்திரிச்சு நின்னு, அவ பாத்து, மறுபடியும் விழுந்துட்டான்னா? என் பிள்ளைய நானே ரெண்டு தடவை தள்ளிவிட்ட மாதிரி ஆயிராதா?”

கீழே நடுவர் துப்பாக்கியை உயர்த்தத் தயாரானார்.

இசக்கியம்மாள் கையை நீட்டி, லென்ஸின் முகத்தை உள்ளங்கையால் பொத்தினாள்.

“ஐயோ டீச்சர், ஒண்ணும் தெரியல!”

“அவளுக்கும் அப்படித்தான் அண்ணாச்சி.”

அருமைநாயகம் கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தார். அவ்வளவு தூரத்தில் பெனிட்டாவின் முகம் அவருக்குத் தெரியவில்லை. எழுந்து, தூணைவிட்டு வெளியே வந்து, தொப்பியையும் முகக்கவசத்தையும் கழற்றிவிட்டு, வாயைத் திறக்காமல் நின்றார்.