எது டீ டம்ளர்

“டீச்சர், இந்தப் படத்துல எது டீ டம்ளர், எது பிரஷ் கழுவுற டம்ளர்?”

கேட்ட குலசேகரனின் தோளில் துணிமணி வைத்த பை. பதில் சரியில்லை என்றால் ஊருக்கே கிளம்பிவிடுவது என்று வந்திருந்தார்.

டிராயிங் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட இளையவரான மரியசெல்வியிடம் ஓவியம் படிக்க வந்தவர். ஊரே சிரித்தது. இப்போது அவருக்கே சந்தேகம், இந்த அம்மாவுக்கு வரையவே தெரியாதோ என்று.

சந்தேகப்படுவதில் மனிதர் கெட்டிக்காரர். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஆட்களையும் தட்டிப் பார்ப்பார்.

மரியசெல்வியின் படத்தில் மேசை சுவர்போல நிமிர்ந்து நின்றது. அதில் இரண்டு பழுப்பு வட்டங்கள். ஒன்றின் விளிம்பு மற்றதற்குள் போயிருந்தது. எது முன்னால், எது பின்னால், தெரியவில்லை. நடுவே இருந்த நீலம் ஜன்னலா துணியா, அதுவும் தெரியவில்லை.

“நிழல் இல்ல, ஆழம் இல்ல. வரையத் தெரியாததை மறைக்கிற வேலை மாதிரி இருக்கு.”

மரியசெல்விக்குக் கோபம் வரவில்லை. அது குலசேகரனின் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

“நீங்க தெளிவா வரைங்க சார். வரைஞ்சுட்டுக் கிளம்புங்க.”

மேசைமேல் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். வலப்பக்கம் அவருக்காக ஊற்றிவைத்த டீ. இடப்பக்கம், பிரஷ் கழுவிக் கழுவி டீ நிறத்துக்கே வந்துவிட்ட தண்ணீர்.

குலசேகரன் தோள் பையைக்கூட இறக்கவில்லை. ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலால் அளந்தார். பிறகு பிரஷை எடுத்தார். டம்ளரின் பளபளப்பு, மேசையின் சரிவு, டீயின் ஆவி, எல்லாம் அச்சு அசலாக வந்தன. சும்மா சொல்லக் கூடாது, கைகாரர்தான்.

“பாருங்க, வலப்பக்கம் டீ. சின்னக் குழந்தைகூடச் சொல்லும்!”

படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே வலப்பக்கம் கையை நீட்டினார். டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தார்.

ஓடிப்போய் வாசலில் துப்பினார்.

“மாத்தி வச்சுட்டீங்க! எனக்குத் தெரியும்!”

“நான் இடத்தைவிட்டு எந்திரிக்கவே இல்லையே சார். பிரஷைக் கழுவ நீங்கதான் அதை வலப்பக்கம் இழுத்தீங்க. டீயை அந்தப் பக்கம் தள்ளுனீங்க.”

மறுக்க வாயைத் திறந்தார். இழுத்தது ஞாபகம் வந்துவிட்டது. வெட்கமாகப் போயிற்று.

மரியசெல்வி மற்ற டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

குலசேகரன் எடுத்தார். உதடு வரை கொண்டுபோய் நிறுத்தினார். தன் படத்தைப் பார்த்தார். அது இன்னமும் வலப்பக்கம்தான் டீ என்றது.

மரியசெல்வியின் படத்தைப் பார்த்தார். வட்டங்கள் இரண்டும் அப்படியேதான் இருந்தன. இந்த முறை எரிச்சல் வரவில்லை. கொஞ்சம் பயம் வந்தது.

பையைக் கழற்றித் தரையில் வைத்தார்.

“டீச்சர், இதுல எது டீ?”

“குடிக்கப்போறது நீங்கதானே சார்.”