விரியாத கை

நேரங்களை மட்டும் மறந்துவிடாமல் கேளுங்கள்.

பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஐஸ் பெட்டி எங்கள் ஊருக்கு வராத காலம். பாழாய்ப்போன வழக்கம் ஒன்று எங்களிடம் உண்டு. செத்தவரின் வலக்கையில் வெற்றிலை வைத்து மூடுவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் விரல்களைப் பிரித்து அதை எடுக்க வேண்டும். கை விரிந்தால் அந்தப் பிள்ளைமேல் மனத்தாங்கல் இல்லை என்று பொருள். விரியாவிட்டால் வாய்க்கரிசி போட விடமாட்டார்கள்.

சங்கிலி சித்தப்பா செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் செத்தார். ஆறு மணிக்கு மூத்தவன் வீரபத்திரன் விரலைத் தொட்டான். சுலபமாக விரிந்தது. மறுபடி வெற்றிலை வைத்து மூடினார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மகள் பவளக்கொடி திருப்பூரிலிருந்து வந்தாள். இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டு போனவள். ஒன்பது வருஷமாக அப்பாவோடு பேச்சில்லை. ஆனால் அவருக்கான மாத்திரை மாதம் தவறாமல் அவளிடமிருந்து வரும். கம்பவுண்டரான நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். யார் அனுப்புகிறார்கள் என்று தெரிந்தேதான் சித்தப்பா சாப்பிட்டார்.

அவளுக்குக் கை விரியவில்லை. இரும்பாய் இருந்தது.

"பவளம் வந்திருக்கேம்ப்பா. ஒரே ஒரு தடவை விடுங்கப்பா."

"செத்தும் அவனுக்கு மனசு ஆறல. எந்திரிடி" என்றாள் அத்தை, சித்தப்பாவின் அக்கா. அரிசி போடாமலே பவளம் பஸ் ஏறினாள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐதராபாத்திலிருந்து இளையவன் சுடலைமணி வந்து சேர்ந்தான். போன பொங்கலுக்குப் பெற்ற அப்பனைக் கன்னத்தில் அறைந்தவன். தொட்டதும் கை தளர்ந்து விரிந்தது. பெத்த மனசு என்று ஊரே அழுதது.

அறைந்தவனுக்கு விரிந்த கை, மாத்திரை அனுப்பியவளுக்கு ஏன் விரியவில்லை? சங்கிலி மன்னித்தது யாரை?

விடை: யாரையும் இல்லை. தசையின் ஒவ்வொரு செல்லிலும் இழைகள் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடிக்கின்றன. அந்தக் கொக்கி தானாகக் கழலாது. கழற்ற ஆற்றல் வேண்டும். உயிருள்ள உடம்பு சோற்றையும் மூச்சையும் கொண்டு அந்த ஆற்றலை ஓயாமல் உண்டாக்கிக் கொடுக்கிறது. செத்தபின் வரத்து நின்றுவிடும். காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது, மூத்தவனுக்கு விரிந்தது. நாலு மணிக்குள் எல்லாம் தீர்ந்து, மாட்டிய கொக்கிகள் மாட்டியபடியே நின்றுவிட்டன. மறுநாள் இழைகளே சிதையத் தொடங்கின. இளையவனுக்குக் கிடைத்தது மன்னிப்பு இல்லை, அழுகல்.

இதெல்லாம் தெரிந்த ஒருவன் அன்று அந்தக் கூட்டத்தில் நின்றான். ஊரைப் பகைக்கப் பயந்து பேசாமல் இருந்தான். சித்தப்பாவின் கை விரியாததற்குக் காரணம் சொல்லிவிட்டேன். உயிரோடு இருந்த என் வாய் திறக்காததற்கு எதைச் சொல்வது?