‘இதர’ என்று எழுதிய கேன்

இருட்டி அரை மணி நேரம் இருக்கும். பல்கலைக்கழகத்தின் கடைசிக் கட்டடத்துக்கும் அப்பால், வேதியியல் கழிவுகளைச் சேர்த்து வைக்கும் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மூக்கடைத்த பச்சைக் குழந்தை தூக்கத்தில் மூச்சு விடுவது போல, மெல்லிசாக, விட்டு விட்டு.

வாசலில் நின்ற பேராசிரியர் அரங்கநாதன் தலையைச் சாய்த்துக் கேட்டார். துறைத் தலைவர். முப்பது வருடமாக அமிலங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். பக்கத்தில் பவுலின் நின்றாள். கொட்டகைக்குப் பொறுப்பு அவள்தான். ஒப்பந்த வேலை, வயது முப்பதுகூட ஆகவில்லை. கழிவைக் கையாளக் கற்றுக்கொடு என்று ஆறு மாதம் முன்பு அவர் அவளிடம் வந்து நின்றபோது வளாகமே சிரித்தது. “குருவம்மா காலில் விழுந்தாச்சா சார்?” என்று கேன்டீனில் கேட்டார்கள். “குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, இல்லாவிட்டால் விழுந்திருப்பேன்” என்றார் அவர்.

இப்போது அவர் உள்ளே கால் வைத்தார். “ஏதோ கேன் கசியுது. மூடியை இறுக்கிட்டு வந்துடறேன்.”

பவுலின் அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வேண்டாம் சார். மூச்சு விடட்டும்.”

“எந்தக் கேன் அது?”

“மூணாவது வரிசையில இருக்கறது. மதியம் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு நான் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்க லேப் பசங்க கொண்டு வந்தாங்க, நீங்க வாங்கி வச்சீங்க. சீட்டும் நீங்கதான் எழுதியிருக்கீங்க.”

“என்னன்னு?”

“இதரன்னு.”

அவர் முகம் சுண்டிப்போனது. இப்போதுதான் அந்த நெடி அவருக்குப் புரிந்தது: ஸ்பிரிட் மிச்சமிருந்த கேனில் யாரோ நைட்ரிக் அமிலத்தை ஊற்றியிருக்கிறார்கள். அப்படி ஊற்றினால் வாயு பொங்கி, மூடிய கேன் வெடிக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவர் அவர். கேனை வாங்கும்போது கேட்கத்தான் தோன்றவில்லை.

“நான் வந்து ஓட்டை வச்ச மூடியா மாத்தினேன்” என்றாள் பவுலின்.

“மாத்தாம இறுக்கி மூடியிருந்தா?”

“சத்தம் கேட்டிருக்காது சார்.”

இருவரும் முப்பதடி தள்ளிப் போய், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக மதகுக் கட்டையில் உட்கார்ந்தார்கள். சத்தம் அடங்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பதிவாளர் அனுப்பியது. நாளைக் காலை ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள் கொட்டகை காலியாக இருக்க வேண்டும்.

“உரிமம் வாங்கின கம்பெனி லாரி வியாழக்கிழமைதானே வரும்?” என்றாள்.

“அதுவரைக்கும் பொறுக்க மாட்டாங்களாம். விடுதிக்குப் பின்னால இருக்கிற பாழுங்கிணத்துல கொட்டச் சொல்றாங்க, எழுத்துல இல்ல, வாய்வார்த்தையா. காலி பண்ணச் சம்மதம்னு இதுல நான் கையெழுத்துப் போடணும். தண்ணியே இல்லாத கிணறுதானே, பவுலின்?”

“போன ஐப்பசியில என் மக அதுலேருந்து தலைப்பிரட்டை பிடிச்சிட்டு வந்தா.”

அவர் கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

சத்தம் நின்றது. அதன் பிறகும் வெகுநேரம் பவுலின் எழுந்திருக்கவில்லை. கொட்டகையின் நாலு பக்கமும் கம்பிவலை. காற்று நெடியை அள்ளிக்கொண்டு போனது. பிறகுதான் இருவரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தார்கள். கேன் ஆறிக் கிடந்தது.

அந்நேரம் வெளியே வண்டி விளக்கு அடித்தது. வளாகக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் அதிகாரி குழந்தைவேலு இறங்கினார். பின்னால் சுமை தூக்க இரண்டு பேர்.

“என்ன சார், கையெழுத்து ஆச்சா? ஏத்திடலாமா?”

“மூணாவது வரிசைக் கேனையும் ஏத்துவீங்களா சார்?” என்று பவுலின் கேட்டாள்.

“எல்லாத்தையும்தாம்மா.”

“இப்பதான் சீறி அடங்கியிருக்கு. வண்டியில அதுக்குப் பக்கத்துல யார் உட்காருவாங்க?”

சுமை தூக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீ சும்மா இரு. உன் ஒப்பந்தம் மார்ச்சோட முடியுது, ஞாபகம் வச்சுக்க” என்றார் குழந்தைவேலு. “சார், பதிவாளருக்கு ஒரு போன் போட்டுட்டு வரேன். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டு வைங்க.”

அவர் வண்டிப் பக்கம் போனார். ஆட்களும் பின்னால் போய் வண்டியில் கையுறையைத் தேடினார்கள். ஒரு ஜோடிதான் இருந்தது.

அரங்கநாதன் கதவைப் பார்த்தார். “சாத்திடு, பவுலின்.”

“நான் சாத்தினா உடைப்பாங்க சார். நீங்க சாத்தினா ஏன்னு கேட்டு அவங்க கடிதம் எழுதணும். கடிதத்துல கிணறுன்னு எழுத யாருக்கும் கை வராது.”

“எனக்கு ஓய்வுக்கு அஞ்சு மாசம் இருக்கு.”

“வியாழக்கிழமைக்கு ரெண்டு நாள் இருக்கு சார்.”

வெளியே குழந்தைவேலு போனில் “ஆமா சார், இதோ ஆயிடும் சார்” என்று சொல்வது கேட்டது. பேராசிரியர் கடிதத்தை மேலும் மேலும் சின்னதாக மடித்தார். பவுலின் முகக்கவசத்தின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவதை அப்போதுதான் அவர் பார்த்தார்.

“உனக்கும் பயமா இருக்கா?” என்று கேட்டார்.

“பயந்துக்கிட்டேதான் சார் மூணு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன். பயமில்லாதவங்க வெளியே வண்டியோட நிக்கிறாங்க.”

அவர் நடந்து போய்க் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டார்.