மஞ்சள் சுடிதார்

மலையடிவாரத்தில் ஒரு மடம். சாரல் பிடித்துக்கொண்டால் அங்கே வெயில் விருந்தாளி மாதிரிதான். தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். துணி காயாது.

மடத்து அன்பர் ஒருவர் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். முன்பக்கம் வட்டக் கதவு வைத்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் பூரணம், ஐம்பதைத் தொட்ட சிஷ்யை. மடத்தின் குரு அவளைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மா. அந்த அம்மா பூரணத்தை மட்டும் அக்கா என்பார்.

அந்தச் சாரலில் மடத்துத் துணியெல்லாம் நாற ஆரம்பித்தது.

"பூரணத்தக்கா, இந்தக் காவியைக் கட்டிக்கிட்டுத் தியானத்துல உக்காந்தா, மூக்குதான் முதல்ல முக்தி அடையும்" என்றார் சமையல் சுடலைமுத்து.

"வெங்காயம் உரிச்ச கையை என் துண்டுல துடைக்காம இரு தம்பி. பாதி நாத்தம் குறையும்."

வாய்தான் பேசியது. மனசு அங்கே இல்லை.

அவளுடைய டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பாலிதீன் கவர் இருந்தது. அதற்குள் அவள் மகளின் மஞ்சள் சுடிதார். காய்ச்சலில் படுத்தபோது பிள்ளை கழற்றிப் போட்டது. துவைக்காதது. பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் பிள்ளையின் துணிகளை மூட்டை கட்டி ஆற்றில் விட்டபோது, இதை மட்டும் அரிசிப் பானைக்குள் ஒளித்துக் காப்பாற்றினாள். வாசம் போய்விடுமே என்று காற்றுப் புகாமல் கவரை முடிந்து வைத்தாள். பிள்ளை போன நாள் வரும்போது மட்டும் முடிச்சை அவிழ்ப்பாள். முகத்தைப் புதைப்பாள். மறுபடி இறுக்கிவிடுவாள்.

மடத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே தெரியாது.

இந்த வருஷமும் அவிழ்த்தாள். பிள்ளை வாசம் வரவில்லை. மெஷினில் அடிக்கிற அதே மக்கல் வாடைதான் வந்தது.

அதை எப்படிக் கேட்பாள்? மெஷினைப் பற்றித்தான் கேட்டாள்.

"அம்மா, சோப்புத்தூளை அள்ளி அள்ளிப் போடுதேன். வாசனைத் தண்ணியும் ஊத்துதேன். நாத்தம் கூடத்தான் செய்யுது. என்ன செய்யட்டும்?"

அம்மா எழுந்து வந்து வட்டக் கதவைத் திறந்தார். குப்பென்று அடித்தது.

"துவைக்காத நேரம் இது மூடியேதான் இருக்குமா அக்கா?"

"பின்னே? திறந்து போட்டா பல்லி உள்ள போயிரும்லா."

அம்மா கதவோரத்து ரப்பர் மடிப்பை விரலால் விலக்கினார். உள்ளே கறுப்பாய், வழவழவென்று அழுக்கு. இத்தனை நாள் போட்ட சோப்பு அங்கேயே தங்கிப் புளித்துப்போயிருந்தது.

அம்மா பழைய துணியில் சோடா உப்பைத் தொட்டு மடிப்பு முழுக்கத் துடைத்தார். துணி போடாமல் சுடுதண்ணீரில் ஒருமுறை மெஷினை ஓடவிட்டார். பிறகு கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் ஒரு துண்டைச் சுருட்டி இடுக்கில் வைத்தார்.

"அப்போ பல்லி?"

"வரட்டும். வெளிய போகவும் வழி இருக்குலா."

அடுத்த துவைப்பில் நாற்றம் இல்லை. சுடலைமுத்து துண்டை மோந்து பார்த்துவிட்டு, "என் மூக்குக்கு மறுபிறவி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூரணம் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஏதோ இருந்தது. முந்தானையால் மூடியிருந்தாள்.

"ஒண்ணு கேக்கேன்மா. கெட்ட வாடை மட்டும் போவணும். உள்ள இருக்கிற நல்ல வாசம் அப்படியே நிக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

முந்தானையை விலக்கிக் கவரை அவிழ்த்தாள். மஞ்சள் துணியின் கழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சைப் புள்ளி.

"யாருது அக்கா?"

"எம் மவளுது. காய்ச்சல்னு படுத்தா. எந்திரிக்கல."

அம்மா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துவைச்சா ரெண்டு வாசமும் போயிரும்."

"துவைக்காட்டி?"

"துணியும் போயிரும்."

பூரணம் துணியை மறுபடி கவருக்குள் திணித்தாள். முடிச்சுப் போடப் பார்த்தாள். முடிச்சு விழவில்லை. அம்மா உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

கடைசியில் பூரணமே கேட்டாள். "மெஷின்லயா போட?"

"வேண்டாம், அது முரட்டுப் பய. கையிலயே துவைப்போம்."

மறுநாள் காலை சாரல் விட்டிருந்தது. குழாயடியில் பூரணம் துணியை நனைத்தாள். அம்மா அதைத் தொடவில்லை. எதிரே குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீர் மட்டும் மொண்டு ஊற்றினார்.

"தோள்ல இது என்ன கறை?"

"இங்க்குமா. பேனாவைக் காதுல சொருகிக்கிட்டுத் திரிவா, பெரிய ஆபீசர் மாதிரி."

"பேரு என்ன?"

"முப்பிடாதி. எங்க குலசாமி பேரு. அந்தப் பேரு அவளுக்கு ஆவவே ஆவாது. 'கிளாஸ்ல என் பேரைக் கூப்பிட்டாலே சிரிக்காளுவ, பிரியான்னு மாத்து'ன்னு ஒரே சண்டை. நான் மாத்தல. ஒருநாள் கோயிலுக்குப் போயி சாமிகிட்டயே, 'நீயாவது வேற பேரு வச்சுக்கோயேன்'னு கேட்டுட்டு வந்தா."

அம்மா சிரித்துவிட்டார். பூரணமும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. கை கசக்கக் கசக்க வாய் சொல்லிக்கொண்டே போனது. தலைக்கு எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால் தெருவைச் சுற்றி ஓடுவாளாம். ஆட்டுக்குட்டியிடம் கதை சொல்லிவிட்டு, அது 'ம்' கொட்டவில்லை என்று கோபித்துக்கொள்வாளாம். அம்மா கேட்கக் கேட்க இன்னொன்று வந்தது.

"ஆஸ்பத்திரியில வச்சு, 'உன் கை சில்லுன்னு இருக்கும்மா, நெத்தியில இருந்து எடுக்காத'ன்னா. நர்ஸம்மா வந்து வெளிய நிக்கச் சொன்னா. எடுத்துட்டேன்."

அம்மாவின் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த தண்ணீர் விழுந்தது.

அலசிக் கொடியில் போட்டார்கள். அதிசயமாய் அன்றைக்கு வெயிலும் நின்று அடித்தது. மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. பூரணம் எடுத்து முகத்தைப் புதைத்தாள். இழுத்து இழுத்து மோந்தாள். கை மடிப்பில் தேடினாள். கழுத்தோரத்தில் தேடினாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நாத்தமும் இல்லை, அவளும் இல்லை. வெறுந்துணி."

அம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனிமே அவளைத் தேடுனா நான் எதை மோந்து பாக்கட்டும்? சொல்லுங்கம்மா."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில சொன்னதெல்லாம் கேட்டு, எனக்கும் இப்போ முப்பிடாதியைப் பாக்கணும் போல இருக்கு அக்கா."