பாதி பாட்டில் ஏலம்

தூத்துக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டர். படம் தெளிவாக விழ நரம்பில் ஏற்றுவார்களே கான்ட்ராஸ்ட் மருந்து, அதற்கு மேனேஜர் தாமோதரன், வருபவர் யாராக இருந்தாலும், முழு பாட்டில் காசு வாங்கிவிடுவார். மீன் விற்கும் சந்தனமேரியிடமும் கேட்டார்.

"பாதிதானே சார் ஏத்துனாங்க? மிச்சம் பாட்டில்லயே நின்னுச்சே!"

"திறந்துட்டா முழு பாட்டிலும் உன்னுதுதான். கட்டினாத்தான் ரிப்போர்ட்."

மேரி காசைக் கட்டினாள். "அப்போ மிச்சமும் என்னுதா சார்?"

"தாராளமா! கொண்டுபோய் மீன் குழம்புல ஊத்து!" மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மேரி பெஞ்சில் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, கடற்கரையில் மீன் ஏலம் போடும் குரலை எடுத்தாள்.

"பாதி பாட்டில் மருந்து, இப்பத்தான் திறந்தது! மேனேஜர்கிட்ட முழு விலை, என்கிட்ட பாதி விலை! யாருக்கு வேணும்?"

"எனக்கு! எனக்கு!" பெஞ்சே எழுந்து நின்றது.

சத்தம் கேட்டு டெக்னீஷியன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "ஐயோ சார், அந்த மிச்சத்தை வழக்கம்போல அடுத்த ஆளுக்கு ஏத்திட்டேனே! அவருக்கும் முழு பாட்டில்னு நீங்கதானே பில் போட்டீங்க?"

மேனேஜரின் சிரிப்பு நின்றது. மேரி கையை நீட்டினாள்.

"என் சரக்கை நீங்களே வித்துட்டீங்க. காசை எடுங்க சார்!"