ஏணிக்குள் ஒரு மூச்சு

கிட்ட வந்து உக்காருங்க. இதைக் குரலை உசத்திச் சொல்ல முடியாது.

"எல்லாப் பக்கமும் அடைச்சிட்டேன் தாயி. பொறவு அவன் எது வழியா உள்ள வந்தான்?"

இப்படிக் கேட்டவர் சூசை. உப்பளத்து லாரிகளுக்கு அளவெடுத்து ஏணியும் பம்பரும் அடிக்கிறவர். வயசு அம்பத்தெட்டு. கேட்டது பெயிண்டர் பிரகாசிகிட்ட. அவளுக்கு முப்பதுகூட ஆகலை. இரும்பைத் தட்டிப் பார்த்தே துரு எங்கே இருக்குன்னு சொல்லிருவா. பட்டறைக்காரங்க அவளை 'வாத்திச்சி' என்பாங்க. பாதி கேலி, பாதி பயம்.

'அவன்' என்று சூசை சொன்னது, செத்துப்போன மச்சினன் லாசரை.

லாசர் உப்பு லாரி ஓட்டினவன். லோடு ஏத்தி, தார்ப்பாய் விரிக்க ஏணியில் ஏறினான். உப்புக் காத்து தின்ன படி முறிஞ்சு விழுந்தான். மூணாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

அந்த ஏணியும் சூசை அடிச்சதுதான்.

நாப்பதாம் நாள் பூசை முடிஞ்ச கையோட அதே லாரிக்குப் புது ஏணி அடிச்சார். கனத்த பைப். மேலே மூடி, கீழே மூடி, சுத்திலும் வெல்டிங். அதுக்கு மேல மூணு கோட் பெயிண்ட். ஊசி நுழைய இடம் விடலை.

ரெண்டு மழைக்காலம் ஏணி மாப்பிள்ளை மாதிரி மினுங்கிச்சு.

இப்போ அது மூச்சு விடுது.

உச்சி வெயிலில் உஸ்ஸுனு விடும். வெயில் தாழ்ந்தா உள்ளே இழுக்கும். லாரி திரும்பினா உள்ளே ஏதோ புரண்டு படுக்கும். மேல் மூடிக்குக் கீழே சிவப்பா ஒரு கோடு, கண்ணீர் காய்ஞ்ச மாதிரி.

லாரியை இப்போ ஓட்டுறது லாசரின் தம்பி சவரி. ஏணியில் காலை வச்சவன் எடுத்துட்டான். அண்ணன் மூச்சு எனக்குத் தெரியாதா என்று கேட்டான். முதலாளியோ, நாளைக்கு ஏறலைன்னா சாவியைக் கொடுத்துட்டுப் போ என்று சொல்லிவிட்டார்.

"இன்னொரு கோட் அடிச்சா அடங்குவானா தாயி?"

பிரகாசி ஸ்பேனரை எடுத்து மேலிருந்து தட்டிக்கிட்டே வந்தா.

டிங். டிங். டிங்.

முழங்கால் உயரத்தில், தொப்.

"உள்ள என்ன வச்சீங்க, அண்ணாச்சி?"

"ஒண்ணும் வைக்கலையே."

அவள் ஏணிக்கு அடியில் ஒரு சட்டியை வச்சா. அடிமுனையில் டிரில்லைப் பிடிச்சா. இரும்பில் இறங்குற சத்தம் வரலை. வெந்த கிழங்கில் இறங்குற மாதிரி இறங்கிச்சு.

சிவப்பாய் ஒழுகிச்சு.

லாரியோட வந்து நின்ன சவரி ரெண்டு எட்டு பின்னால் போய்ச் சிலுவை போட்டுக்கிட்டான்.

சூசை மட்டும் நகரலை. நாப்பதாம் நாள் கோயிலிலிருந்து கொண்டுவந்த பாட்டில் அவருக்கு ஞாபகம் வந்துட்டது. இன்னொரு உயிர் போகக்கூடாதுன்னு வேண்டி, கடைசி மூடியைப் பத்தவைக்கும் முன்னால் அவரேதான் பைப்புக்குள் கவிழ்த்தார்.

"அது தண்ணி இல்ல தாயி," என்றார். "தீர்த்தம்."

பிரகாசி டிரில் இறங்கின இடத்தில் பெருவிரலை வச்சு அழுத்தினா.

துரு உதிர்ந்து விரல் உள்ளே போச்சு.

சவரி அந்த ஓட்டையைப் பார்த்தான். அப்புறம் லாரியின் உச்சியைப் பார்த்தான். அங்கிருந்து தரை எவ்வளவு ஆழம்னு அவனுக்குத் தெரியும்.

சட்டி நிறைஞ்சிச்சு. அதைக் காலில் படாமல் ஓரமா எடுத்து வச்சா பிரகாசி.

சூசை கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "விடியறதுக்குள்ள வேற அடிச்சிருதேன். உள்ள ஒரு சொட்டு விடமாட்டேன். இந்தத் தடவை காத்தும் போகாதபடி இன்னும் இறுக்கி அடைச்சிருதேன்."

பிரகாசி, சுவரோரம் கிடந்த புதுப் பைப்பைக் காலால் உருட்டி முன்னால் கொண்டுவந்தா. டிரில்லைப் பிடிச்சு, தண்ணி வடிய அடிமுனையில் ஒரு ஓட்டை போட்டா.

எழுந்து நடந்து போய், காத்து வந்து போக மேல்முனையில் இன்னொண்ணு போட்டா.