வெளிர்பச்சைச் சுவர்

தவமணி அம்மாளின் தியான இல்லத்தில் டம்ளர் பறந்தது அதுதான் முதல் முறை. எறிந்தவர் வைரவன், அம்மாளைவிட வயதில் மூத்த சீடர். குறி, அவருடைய நண்பர் சற்குணத்தின் தலை. நல்லவேளை, டம்ளருக்காவது விவேகம் இருந்தது. அது சுவரில் போய் மோதிப் பள்ளம் போட்டது.

சற்குணம் டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வைரவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். சற்குணம் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். வாலிபத்திலிருந்து தொடர்ந்த சிநேகம் அத்தோடு நின்றது.

மாதம் ஒன்று போனது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சற்குணம் அம்மாளுக்குப் போன் செய்தார். அதைக் கேட்டதும் வைரவன் அம்மாளிடம் ஓடி வந்தார்.

"அம்மா, அவன் வர்றதுக்குள்ள இந்தப் பள்ளத்த இல்லாம பண்ணிடணும். பாத்தான்னா அப்படியே திரும்பிருவான். வழி இருக்கா?"

"இருக்கே. பள்ளத்த அடைக்கப் பட்டி மாவும் அத வழிக்கத் தகடும் வாங்கிட்டு வாங்க."

கட்டைவிரல் நகம் அளவுதான் பள்ளம். வைரவன் பட்டியை ஒரேயடியாக அப்பித் தகட்டால் வழித்துவிட்டார். சுவர் மட்டமாகிவிட்டது. மறுநாள் பார்த்தால் நடுவில் குழி, ஓரத்தில் வெடிப்பு.

"நேத்து சமமாத்தானே இருந்துச்சு?"

"நேத்து ஈரமா இருந்துச்சு," என்றார் அம்மாள். "உள்ள எதுவும் உதிருதான்னு சுரண்டிப் பாருங்க."

சுரண்டினார். பழைய பெயின்ட் செதில் செதிலாக வந்தது. பள்ளம் உள்ளங்கை அளவுக்கு விரிந்தது.

"பெருசாயிடுச்சேம்மா!"

"முன்னாடியே அவ்வளவுதான் இருந்துச்சு."

இந்த முறை மெல்லிசாகப் பட்டி வைத்தார். காயவிட்டு மேலே இன்னொரு பூச்சு கொடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கண்ணை மூடித் தடவினால் இடமே தெரியவில்லை. அவருக்கே ஆசையாக இருந்தது, தடவித் தடவிப் பார்த்தார். பரணில் பழைய பெயின்ட் டப்பா கிடந்தது, சுவருக்கு அடித்த அதே வெளிர்பச்சை. பட்டி வைத்த இடத்தில் மட்டும் அடித்தார்.

காய்ந்ததும் பச்சைத் தட்டு ஒன்றை மாட்டி வைத்தது போல அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. சுற்றிலும் மங்கல். தினமும் போட்ட சாம்பிராணிப் புகை சுவர் முழுக்கப் படிந்திருந்தது இத்தனை நாளும் யாருக்கும் தெரியவில்லை.

"வாசல்லேருந்தே தெரியுதே! இதுக்குப் பள்ளமே தேவலாம்."

அம்மாள் கிட்டே வந்து ஆர்வமாகப் பார்த்தார். "அடேயப்பா, இவ்வளவு புகையா!"

"இப்ப என்னம்மா பண்றது?"

"சுவர் முழுக்க அடிக்கணும்."

"நாளைக்கு ஞாயிறு. அலமாரிய நகர்த்தணும், ஏணியப் புடிக்கணும். ஒத்த ஆளா எப்படி?"

"ரெண்டு பேரா அடிங்க."

"இங்க வேற யாரு இருக்கா?"

"நாளைக்குச் சற்குணம் வர்றாரே."

வைரவன் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"அவன்கிட்டயா? சுவருக்கு என்ன ஆச்சுன்னு கேப்பானே. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் பேச்ச எடுப்பேன்?"

"நீங்க எங்க எடுக்கப் போறீங்க? அவரு அன்னிக்கே 'எதுக்கு'ன்னு கேட்டாச்சு. பதில் கேக்கத்தான் வர்றாரு."